பதின்மூன்றில் ஒன்று

'கழுகு வந்திருக்கு சார்' என்றார் பன்வர்லால் சேட், போனில்.
மின்துறை மேசையில் மீட்டர் புகார்கள் இன்னும் பதினேழு.
அப்படியே கவிழ்த்துவைத்துவிட்டு
பாரதி வீதிக்கு வண்டியை விட்டேன்.

முப்பத்தொரு வருடத்தில் மூன்றே காசு சேர்த்தவன் நான்.
மூன்றும் தங்கம், மூன்றும் அமெரிக்கா.
பி.எஃப். கடனில் ஒன்று,
மைத்துனன் மனை விற்றபோது ஒன்று,
மூன்றாவதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு
வளையத்தோடு எட்டு கிராம் ஐந்நூற்றுப் பத்து மில்லி என்றது.
உரைகல், டச் தொண்ணூறு என்றது.
ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூட.
சேட்டுக்கு அவ்வளவுதான் சங்கதி.

நான் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு
கழுகின் காலடிக்குப் போனேன்.
ஊரெல்லாம் முகம் பார்க்கும்,
நாங்கள் காலடியில்தான் தேடுவோம்.
இருந்தது.
அம்புகளுக்குக் கீழே, கடுகில் பாதி, ஒரு சி.
திருப்பினால் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று:
போர் வந்து அந்த ஊர் அக்கசாலையை இழுத்துச் சாத்திய ஆண்டு.
ஏழாயிரம்கூட அடித்திருக்கவில்லை.

காது சூடானது.
பிறகுதான் கண்ணில் பட்டது அந்தப் பற்று.
வளையம் மாட்ட
எவனோ தலைக்கு மேலே பொடிவைத்து ஊதியிருக்கிறான்,
ஒரு நட்சத்திரம் முழுசாக முழுகிப்போயிருந்தது.
போதாததற்குப் பூந்திக்காய்ப் பளபளப்பு.
திருவிழாவுக்குத் திருவிழா தேய்த்துத் தேய்த்து
அந்தப் பெண்ணின் சுருள்முடி வழித்துவிட்டதுபோல் இருந்தது.
பாவிகளா, என்றேன். சத்தமாகவே.

'யாரைச் சொல்றீங்க?'

பெஞ்சில் குடையோடு ஒருத்தி.
அமலோற்பவம், குருசுக்குப்பம்.
மகனுக்குக் காரைக்காலில் இரண்டாம் வருடக் கட்டணம்.
அப்பாவின் சித்தப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த
மாதா படமாம் இது.
'தலையைச் சுத்திப் பன்னிரண்டு நட்சத்திரம், எண்ணிப் பாருங்க.'

எண்ணினேன்.
பதின்மூன்று ராஜ்யத்துக்குப் பதின்மூன்று என்று
நான் மனப்பாடம் செய்ததில்
ஒன்றை விழுங்கிவிட்டு
பன்னிரண்டுதான் இருந்தது.

கை தவறிய பத்தனா?
வேதம் தெரிந்த பத்தனா?
என் விலைப்பட்டியல்களில்
இந்த ஓர் ஊதலுக்குக் கட்டம் கிடையாது.

'கிரீடத்துல என்னமோ எழுதியிருக்கே, லத்தீனா?'
விடுதலை என்று அர்த்தம், என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
அது மாதா இல்லை என்பதையும்,
பற்றும் தேய்மானமும் போக
எடைக்கு மேல் பல மடங்கு பெறும் என்பதையும்
ஒரே மௌனத்தில் வைத்துப் பூட்டினேன்.
முதலாவதைக் கருணை என்று சொல்லிக்கொள்ளலாம்.
இரண்டாவதற்கு
லென்ஸை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சேட் பேரேட்டில் எழுதினார்:
மாதா டாலர் 1.
ஐந்து டாலர், என்று திருத்த வாய்வரை வந்தது.
பக்கத்தில் 'மீட்பு' என்ற கட்டம் காலியாக.

ஆறு மாதம் அந்தக் கட்டத்தைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.
வரும் வழியில் சம்பா கோயிலைத் தாண்டும்போது
ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டுவேன்.
ஆல்பத்தில் நான்காவது குழிக்கு
நீல வெல்வெட் வெட்டிவைத்தேன்.
அவளுக்கு வட்டி ஏறட்டும் என்று
நான் நினைக்கவில்லை
என்று எழுத ஆசை.

டிசம்பர் ஆறு. கோயிலில் கொடியேறி ஒரு வாரம்,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து
சேட்டின் கண்ணாடிமேல் ஒட்டினாள்.
கட்டத்தில் கையெழுத்து விழுந்தது.

'அன்னிக்குப் பாவிகளான்னது நீங்கதானே?'
ஆமாம், என்றேன்.
விளிம்பைப் பிடிங்கம்மா,
முகத்துல விரல் படக்கூடாது, என்றும் சொன்னேன்.
முப்பத்தொரு வருடப் படிப்பில்
கொடுக்க முடிந்தது அதுதான்.

தலையாட்டிவிட்டு
முகத்தில்தான் முத்தம் வைத்தாள்.
அதில் எத்தனை மில்லி தேய்ந்ததோ.
தராசு பக்கத்திலேயே இருந்தது,
யாரும் நிறுக்கவில்லை.